தேமலியும் பச்சைக் கிளையும்

இலைகளுக்குப் பேச்சும், மரங்களுக்கு வழக்கு விசாரிக்கும் உரிமையும் இருந்த அந்தக் காலத்தில், மேற்கு மலைச் சரிவில் நின்ற செடிகொடிகள் எவற்றுக்கும் நிறம் இல்லை. எல்லாம் ஊறவைத்த அரிசியைப் போல வெளுத்திருந்தன. வெயிலை வாங்கிச் சமைக்கத் தெரியாமல், வேர் உறிஞ்சிய நீரை மட்டும் குடித்து, அரை வயிற்றோடு காலம் தள்ளின.

அதைக் கண்டு பொறாத கார்மேகம், ஓர் ஆண்டு முதல் மழையில் பச்சை நிறத்தைக் கரைத்துக்கொண்டு வந்தது.

"இந்தப் பச்சைதான் இனி உங்களுக்கு அடுப்பு. இது இலையில் எவ்வளவு பரவுகிறதோ, அவ்வளவு சமைத்து உண்ணலாம். ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன்: காயும்வரை யாரும் அசையக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் பெய்யத் தொடங்கியது.

மரங்கள் அசையவில்லை. அசையாமல் நிற்பது அவற்றுக்குப் பழகிய தொழில். புற்களும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றன. ஆனால், நாங்கு என்னும் பெருமரத்தார் ஒருவருடைய அடிமரத்தைப் பற்றியிருந்த இளங்கொடி ஒருத்திக்கு மட்டும் பொறுமை இல்லை. பச்சை தனக்கு எப்படி அமைந்திருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டு, ஈரம் காயுமுன்னரே நுனியைத் திருப்பித் தன் இலைகளைத் தானே பார்த்தாள். இலையில் இன்னும் ஒட்டாத நிறம் இங்கே ஒரு வரியாகவும் அங்கே ஒரு திட்டாகவும் வழிந்து மண்ணில் சொட்டியது.

"ஐயா மேகமே, எனக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள்."

"கரைத்தது தீர்ந்துவிட்டது, மகளே. அசையாதே என்றேனே."

"நான் அசையவில்லை. பார்த்தேன்."

"பார்ப்பதற்காக அசைந்தாய்" என்று சொல்லிவிட்டு மேகம் மலையைத் தாண்டிப் போயிற்று.

இவ்வாறு பாதி பச்சையும் பாதி வெள்ளையுமாக நின்றவளுக்குக் காடு தேமலி என்று பெயர் வைத்தது. உடம்பில் தேமல் படர்ந்தவள் என்பது பொருள். கேலிக்காக வைத்த பெயர்தான். ஆயினும் வேறு பெயர் இல்லாததால் அவள் அதையே தன் பெயராக ஏற்றுக்கொண்டாள்.

சமையல் தொடங்கியதும் காடு தழைத்தது. தேமலியின் இலைகளிலோ பச்சைத் திட்டு உழைத்தது, வெள்ளைத் திட்டு உட்கார்ந்து உண்டது. மற்றக் கொடிகள் முழம் முழமாக ஏறியபோது அவள் விரற்கடை விரற்கடையாக ஏறினாள். அவள் ஒரு கணுவைத் தாண்டுவதற்குள் பக்கத்துக் கொடிகள் மேலே போய்க் கூரை வேய்ந்து அவளுடைய ஒளியை மறைத்தன. இதைப் பார்த்துக்கொண்டே இருந்த நாங்கு மரத்தார் ஒரு நாள் சுற்றியுள்ள மரங்களைக் கூட்டி வழக்கை எடுத்தார்.

"அம்மா, உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. என் உடம்பில் இடம் குறைவு. முழு இலையும் சமைப்பவர்கள் கீழே காத்திருக்கிறார்கள். உன் இலையில் பாதி சும்மா இருக்கிறது."

"சும்மா இல்லை ஐயா, அழகாக இருக்கிறது" என்றாள் தேமலி.

கிளையில் உட்கார்ந்து வழக்கைக் கேட்டுக்கொண்டிருந்த கருமந்தி ஒருத்தி வாய்விட்டுச் சிரித்தாள். நாங்கு மரத்தார் சிரிக்கவில்லை.

"அந்த அழகைக் கொண்டு என் வேருக்கு ஒரு சருகு கூடுதலாக உதிர்ப்பாயா?"

தேமலியிடம் அதற்கு விடை இல்லை. இனி இந்தக் காட்டில் எந்த மரமும் அவளுக்குப் பற்றுக்கோடு தரலாகாது என்று தீர்ப்பாயிற்று. பற்றிக்கொள்ள ஏதுமின்றி மண்ணில் படுத்த கொடியை ஒரு மழைக்காலத்துச் சருகே மூடிவிடும். ஆகவே, அது இடம் மாற்றும் தீர்ப்பன்று. உயிரைக் கேட்கும் தீர்ப்பு.

மரத்திலிருந்து அவளைப் பிரித்தெடுக்கும் வேலை கருமந்திக்கு வந்தது.

"அடியே தேமலி, என்மேல் வருத்தப்படாதே. தீர்ப்பு அவர்களுடையது, கை மட்டுந்தான் என்னுடையது" என்று சொல்லியபடியே வேர்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்து, அவளைச் சுருட்டிச் சரிவில் வீசினாள்.

தேமலி உருண்டு போய்ச் சரிவின் கீழ்ப்பக்கத்து மூங்கிற்புதரின் ஓரம் விழுந்தாள். அங்கே கூடை முடைவதற்கு மூங்கில் வெட்ட வந்திருந்தாள் கொற்றி. அவளும் அவள் கணவன் சாத்தனும் முடையும் கூடைகள் அந்தப் பக்கத்தில் உறுதிக்குப் பெயர்பெற்றவை. ஆனால், சாயம் ஏற்றிய மூங்கிற்கீற்றான சிம்பையும் ஏற்றாத சிம்பையும் மாற்றி மாற்றிப் பின்னிய ஒரே கட்டந்தான் அவற்றில் எப்போதும் இருக்கும். வேறு கோலம் எதுவும் கொற்றிக்குத் தோன்றியதில்லை.

"யாரம்மா நீ, வழியில் படுத்திருக்கிறாய்?"

"விழுந்தவள். தேமலி என்பார்கள்."

"எழுந்திரேன்."

"கொடி எழுந்திருக்க ஒரு மரம் வேண்டும். மரங்கள் என்னை வேண்டாம் என்றுவிட்டன."

கொற்றி அவளுடைய இலை ஒன்றை விரலால் தூக்கிப் பார்த்தாள். அடுத்ததையும் பார்த்தாள். ஒன்றில் இருந்த வரி மற்றொன்றில் இல்லை. "மரங்களுக்கு வேண்டாமென்றால் வீட்டுக்கு வா" என்று சொல்லி, மூங்கிற்கட்டின்மேல் அவளை வைத்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டில் சாத்தனின் அக்காள் எயினி இருந்தாள். அவள் அந்த ஊரின் மருத்துவச்சி. இளையவர்கள் எல்லோரும் அவள் கையில் பிறந்தவர்கள். ஆதலால் அவர்கள் எல்லோரையும் அதட்டும் உரிமை தனக்கு உண்டென்று நினைப்பவள். கொடியை ஒரு பார்வை பார்த்தாள்.

"இது காய்க்குமா?"

"காய்க்காது மதினி" என்றாள் கொற்றி.

"பூக்குமா?"

"பார்த்ததில்லை."

"கீரைக்காவது ஆகுமா?"

"என்னைத் தின்றால் நாக்கு அரிக்கும்" என்றாள் தேமலி.

"வாய் மட்டும் குறைவில்லை" என்றாள் எயினி. ஆனாலும் ஒரு பானையைக் கவிழ்த்து அடியில் துளையிட்டு, மண் நிரப்பிக் கொண்டுவந்ததும் அவளேதான். வீடு தேடி வந்தவளை வெறுங்கையோடு நிறுத்துவது அந்த ஊரில் வழக்கமில்லை.

வழக்கம் அதோடு நிற்கவில்லை என்பதுதான் வினையாயிற்று. அந்த ஊரார் குளிரில் வாழ்பவர்கள். விருந்தினருக்கு அவர்கள் தருகிற முதல் மரியாதை வெயில். வாசலுக்கு எதிரே உச்சி வெயில் விழும் மேடையில் அவரை அமர்த்துவார்கள். இரண்டாவது மரியாதை, அவருக்குப் படைக்காமல் வீட்டில் எவரும் வாயில் கவளம் வைப்பதில்லை. மூன்றாவது, "வேண்டுமா?" என்று அவரிடம் கேட்பதில்லை, கேட்பது இழிவு. விருந்தினரும் "போதும்" என்று சொல்லக் கூடாது. சொல்வது அதைவிடப் பெரிய இழிவு.

எனவே தேமலி வெயில் மேடையில் அமர்ந்தாள். கொற்றி கஞ்சி குடிக்குமுன் அவளுக்கு ஒரு குடுவை நீர் ஊற்றினாள். சாத்தன் உண்ணுமுன் அவன் ஒரு குடுவை ஊற்றினான். எயினி வெற்றிலை போடுவதைக்கூட உணவாகக் கருதுபவள். அவள் ஊற்றியதற்குக் கணக்கில்லை. காடு எவ்வளவு இழிவாக நடத்தியிருந்தாலும் தேமலி நயம் தெரிந்தவள். விருந்துக்கு வந்த இடத்தில் முறை தவறலாகாது என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

வெள்ளைத் திட்டுகள் வெயிலில் கருகின. பச்சைத் திட்டுகள் மஞ்சளாயின. சேற்றில் மூச்சுவிட முடியாமல் வேர்நுனிகள் அழுகத் தொடங்கின. ஒரு காலையில் இலை ஒன்று தானே கழன்று விழுந்தது.

"தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது" என்று சொல்லி எயினி குடத்தோடு வந்தாள்.

"போதும்" என்றாள் தேமலி.

வீடு அப்படியே நின்றுவிட்டது. சாத்தன் கையிலிருந்த சிம்பைக் கீழே வைத்தான். எயினியின் முகம் சிவந்தது.

"இந்த வீட்டில் அந்தச் சொல்லைச் சொன்ன விருந்தாளி இதுவரை இல்லை."

"சொல்லாமல் இருந்தால் நாளைக்கு நானே இருக்கமாட்டேன். என்னை விருந்தாளியாக வைத்துக்கொள்ளாதீர்கள், அக்கா."

"பின்னே?"

"வீட்டு ஆளாக வைத்துக்கொள்ளுங்கள்."

எயினி குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினாள். "வீட்டு ஆளுக்கு யாரும் படைக்கமாட்டோம், பசித்தபோதுதான் கிடைக்கும். வெயில் மேடை கிடையாது; மூலையில்தான் இடம். வேலையும் செய்ய வேண்டும். உனக்கு என்ன வேலை தெரியும்?"

காட்டில் இதுபோன்ற கேள்விக்கு விடை தெரியாமல் நின்ற தேமலி, இங்கே கொற்றியின் கூடையைப் பார்த்தாள். "கொற்றி ஒரே கட்டத்தைப் பின்னுகிறாள். நான் விரிக்கும் இலை ஒவ்வொன்றிலும் ஒரு கோலம் இருக்கும். ஒன்று போல இன்னொன்று இராது. பார்த்துப் பின்னட்டும்" என்றாள்.

கொற்றி தன் கணவனைப் பார்த்தாள். அவன் அக்காளைப் பார்த்தான். "செய்து பார்க்கட்டும்" என்றாள் எயினி.

அன்றைக்கே பானை வீட்டுக்குள் வடக்குச் சாளரத்தின் ஓரம் போயிற்று. அங்கே ஒளி வரும், வெயில் வராது. நீர் ஊற்ற வருபவர் முதலில் மண்ணில் விரலை வைத்துப் பார்க்க வேண்டும் என்று எயினி சட்டம் போட்டாள். விரல் ஈரம் என்றால் திரும்பிப் போக வேண்டும். உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றலாம். சாத்தன் ஒரு மூங்கிற்கோலை எடுத்து, அதன்மேல் பாறைப் பாசியைச் சுற்றிக் கயிற்றால் கட்டி, பானையின் நடுவே நட்டான். தேமலி அதைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமும் சொரசொரப்புமாக மரத்தின் பட்டையைப் போலவே இருந்தது.

"பிடித்துக்கொள்ளலாமா?"

"அதற்குத்தானே நட்டேன்" என்றான் சாத்தன்.

ஒளி ஒரே பக்கத்திலிருந்து வந்ததால் அவள் அந்தப் பக்கமே சாய்ந்தாள். "எந்நேரமும் வெளியே என்ன வேடிக்கை? கழுத்துப் பிடித்துக்கொள்ளாதா?" என்று சொல்லிச் சாத்தன் பானையைச் சிறிது திருப்பி வைத்தான். பிறகு வீட்டைப் பெருக்குபவர் பானையையும் திருப்ப வேண்டும் என்பது முறையாயிற்று. அடுப்புப் புகை படிந்த இலைகளைக் கொற்றி ஈரத்துணியால் துடைத்தாள். வேர் பிழைத்தது. புதிய இலை விரிந்தது. அதில் வெள்ளை ஓடிய வழியே கொற்றி சிம்பை ஓட்டினாள். அப்படி ஒரு கூடையை அந்த மலையில் யாரும் பார்த்ததில்லை.

கூடையைப் பார்க்க வந்தவர்கள் கொடியையும் பார்த்தார்கள். காட்டவேண்டிய பொறுப்பை எயினி எடுத்துக்கொண்டாள். "தொடாதே, கண்ணால் பார். எங்கள் வீட்டுப் பெண்" என்பாள். வந்தவர்களில் ஒருத்தி, "பச்சை எங்கும் இருக்கிறது, அக்கா. அந்த வெள்ளை இருக்கிறதே, அதுதான் அழகு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தேமலிக்குத் தலை கனத்தது. அடுத்த இலையைப் பச்சையே இல்லாமல் பால் வெள்ளையாக விரித்தாள். அதற்கடுத்ததையும் அவ்வாறே விரித்தாள். ஊர் வியந்தது. எயினி வியக்கவில்லை.

"உலை வைக்காமல் வாசலில் கோலம் மட்டும் போட்டுக்கொண்டிருக்கிறாயே, எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

தாங்கவில்லை. வெள்ளை இலைகள் உண்டனவே தவிர ஒரு பருக்கையும் சமைக்கவில்லை. ஓரம் பழுப்பேறிச் சுருங்கி உதிர்ந்தன. தேமலி வெட்கத்தோடு மறுபடி பாதிக்குப் பாதியாக விரிக்கத் தொடங்கினாள். எயினி அதைப் பற்றி மறுபடி ஒரு சொல்லும் பேசவில்லை. அவளுக்கு அது எளிதாக இருந்திராது.

ஆனி முடிவில் மழை இறங்கியது. அந்த ஆண்டு மழை சரிவை விட்டு நகரவே இல்லை. சூரியன் முகம் காட்டவில்லை. சாளரத்தில் ஒளி சாம்பலைப் போல வந்தது. தேமலிக்குப் பசித்தது, பசியோடு பயமும் வந்தது. முழுப் பச்சையாக இருந்திருந்தால் இந்த ஒளியிலும் சமைத்திருக்கலாமே என்று அவள் முதன்முறையாக ஏங்கினாள். அந்த ஏக்கமே அவளுடைய அடிக்கணுவில் ஒரு முளையாகத் தள்ளியது. முளை கிளையாயிற்று. அதன் இலைகளில் வெள்ளை ஒரு பொட்டும் இல்லை.

"அம்மா, ஏன் வாடியிருக்கிறாய்? நகர்ந்துகொள், நான் சமைக்கிறேன்" என்றாள் பச்சைக் கிளை.

சொன்னபடியே சமைத்தாள். சாம்பல் ஒளியிலும் அவளுடைய அடுப்பு எரிந்தது. தேமலியின் தண்டில் மறுபடி சாறு ஓடியது. எயினி மகிழ்ந்து போய்ப் பச்சைக் கிளைக்குத் திருஷ்டி கழித்தாள். சாத்தன் கோலின்மேல் இன்னொரு கோலைக் கட்டி உயரமாக்கினான்.

மாற்றத்தை முதலில் கண்டவள் கொற்றிதான். கோலம் பார்ப்பதற்காக நாள்தோறும் வரியிலைகளை உற்றுப் பார்ப்பவள் அவள். மேலே விரிந்த வரியிலை உள்ளங்கையளவு இருந்தது. அடுத்தது கட்டைவிரலளவே வந்தது. அதற்கடுத்த குருத்து விரியாமலே சுருண்டு நின்றது. கீழே பச்சைக் கிளையின் இலைகளோ முறம் முறமாக விரிந்தன.

"அம்மா, கோலில் கொஞ்சம் இடம் விடேன்" என்றாள் பச்சைக் கிளை.

"விட்டேனே."

"இன்னும் கொஞ்சம்."

வேர் ஒன்றுதான். அது தூக்கிய நீரெல்லாம் வலியவள் பக்கமே போயிற்று. அவள் வேண்டுமென்று பறிக்கவில்லை; வேகமாக வளர்பவள் வேகமாகக் குடித்தாள், அவ்வளவுதான்.

அப்போதுதான் ஒரு நாள் சாளரத்தில் கருமந்தி வந்து உட்கார்ந்தாள். மழையில் நனைந்திருந்தாலும் பேச்சில் தூதுவருக்குரிய மிடுக்கு இருந்தது.

"அடியே தேமலி, நல்ல செய்தி. உனக்குப் பச்சை திரும்பிவிட்டது என்று காடு முழுக்கப் பேச்சு. நாங்கு மரத்தார் தீர்ப்பை மாற்றுகிறாராம். அவருடைய அடிமரத்தில், காலை ஒளி விழும் பக்கத்தில் உனக்கு இடம். மழை விட்டதும் வா. வேண்டாததை மட்டும் உதிர்த்துவிட்டு வரச் சொன்னார்."

"வேண்டாதது எது?"

"இது என்ன கேள்வி? அந்த வெள்ளைதான். நீ ஒன்றும் செய்ய வேண்டாம். பேசாமல் இருந்தாலே போதும், தானே போய்விடும்."

கருமந்தி சொன்னது உண்மை என்பது தேமலிக்குத் தெரிந்தது. பேசாமல் இருந்தால், மழை விடும்போது இந்தப் பானையில் ஒரு முழுப் பச்சைக் கொடி நிற்கும். அதைக் காடு வரவேற்கும். அதற்குத் தேமலி என்ற பெயர் இராது. அதன் இலையில் கோலமும் இராது. பேசினாலோ, அடுப்பு இல்லாத இந்த இருட்டில் அரை இலையை நம்பி அவள் பட்டினி கிடக்க நேரும், மடிந்தும் போகலாம். தன் உடம்பு முழுவதையும், கருகிய ஓரங்களையும் கட்டைவிரலளவு இலையையும், அவள் ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

"காட்டுக்கு ஒருத்தி வருவாள் என்று சொல். ஆனால் அவள் நான் இல்லை" என்றாள். பிறகு கொற்றியை அழைத்தாள். "இந்தப் பச்சைக் கிளையை அறுத்துவிடு."

கொற்றி பின்வாங்கினாள். "என்னால் முடியாது. நாங்கள் மூங்கிலில்கூட முற்றியதைத்தான் வெட்டுவோம். வளரும் குருத்தில் கத்தி வைத்தவர் இந்த ஊரில் இல்லை."

"மழைக்காலம் முடியட்டுமே. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றான் சாத்தன்.

"அப்போது அறுத்துக் காப்பாற்ற நான் இருக்கமாட்டேன்."

பச்சைக் கிளை தாயின் பக்கம் இலைகளைத் திருப்பினாள். "அம்மா, நான் என்ன தவறு செய்தேன்?"

"ஒன்றும் செய்யவில்லை, மகளே. நன்றாக வளர்கிறாய். இந்தக் கோல் உனக்குப் போதாது; உனக்கு ஒரு மரம் வேண்டும். எனக்கு இந்தக் கோல் போதும். இருவரும் ஒரே வேரில் இருந்தால் உனக்கும் மரம் கிடைக்காது, எனக்கும் கோல் கிடைக்காது."

"அறுத்தால் வலிக்குமா?"

"வலிக்கும்" என்றது எயினியின் குரல். அடுப்பங்கரையில் இருந்தவள் எழுந்து வந்திருந்தாள். "இருவருக்கும் வலிக்கும். கொற்றி, தள்ளி நில். குருத்தை வெட்டுவது பாவந்தான். ஆனால் இது வெட்டு இல்லை, பேறு. எத்தனை பிள்ளைகளைத் தாயிடமிருந்து நான் அறுத்துப் பிரித்திருக்கிறேன் தெரியுமா? பிரித்த பிறகுதான் பிள்ளையும் அழுதது, தாயும் மூச்சுவிட்டாள். ஒருவரும் அதைப் பாவம் என்று சொல்லவில்லை. விருந்துதான் வைத்தார்கள்."

பிள்ளைப்பேற்றில் கொடி அறுக்க வைத்திருக்கும் கூரிய மூங்கிற்சிம்பை எடுத்துக் கழுவி, தணலில் காட்டினாள். பச்சைக் கிளையின் முதல் கணுவைத் தடவிப் பார்த்து, அதற்குச் சற்றுக் கீழே, தாயின் தண்டை ஒட்டி, ஒரே இழுப்பில் அறுத்தாள். தாயின் காயத்தில் மஞ்சள் அப்பினாள். பச்சைக் கிளையை, கணு நீரில் மூழ்கும்படி, ஒரு கலயத்தில் நிறுத்தினாள்.

"பெண் குழந்தை" என்றாள். சாத்தனுக்குச் சிரிப்பு வந்தது. கொற்றிக்கு அழுகை வந்தது.

மழை விடவில்லை. தேமலி பேசுவதை நிறுத்தி, இருந்த சாற்றைச் சிக்கனமாகச் செலவிட்டாள். வீட்டில் எல்லோருடைய கையும் நீர்க்குடுவைப் பக்கமே போயிற்று. துன்பப்படுபவளுக்கு எதையாவது ஊற்றாமல் இருப்பதுதான் அந்த ஊராருக்குத் தெரியாத கலை. "விரலை வை. ஈரமா? போய் உன் வேலையைப் பார்" என்று எயினி சாளரத்தடியில் காவல் இருந்தாள். அடுப்பு அணைந்த நேரத்தில் கொற்றி பானையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இலைகளைத் துடைத்துவிட்டுப் போவாள். கலயத்தில் பச்சைக் கிளைக்கு வெள்ளை வேர்கள் நூல் நூலாக இறங்கின. "அம்மா, எனக்குக் கால் முளைத்திருக்கிறது" என்று அவள் கூவியபோதும் தேமலி வாய் திறக்கவில்லை. ஆனால் கோலைப் பற்றிய பிடியை விடவும் இல்லை.

பிறகு ஒரு காலையில் மேகம் கிழிந்தது. வடக்குச் சாளரத்தில் ஒளி வெள்ளையாக நின்றது. விரியாமல் சுருண்டிருந்த அந்தக் குருத்து மெல்ல அவிழ்ந்தது. அவிழ அவிழ இலை பெரிதாகிக்கொண்டே போயிற்று. அவளுடைய வாழ்நாளில் அவ்வளவு பெரிய இலையை அவள் விரித்ததில்லை. நடுநரம்பே எல்லையாக ஒரு பக்கம் முழுப் பச்சை. மறுபக்கம் வெண்மை, அந்த வெண்மைக்குள் மழைச்சாரல் தெறித்ததைப் போலப் பச்சைப் புள்ளிகள். சமைப்பதற்குப் போதுமான பச்சை அதில் இருந்தது. அது தேமலிதான் என்பதற்குப் போதுமான வெள்ளையும் இருந்தது.

"பசிக்கிறது" என்றாள் தேமலி.

எயினி மண்ணில் விரலை வைத்துப் பார்த்தாள். உலர்ந்திருந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு அவள் வந்த நடையை ஊரே நின்று பார்த்தது.

மழை ஓய்ந்ததும் பச்சைக் கிளையைக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புவதைப் போல முன்னால் கொட்டு முழங்கியது. கொற்றி அந்தப் பெரிய இலையின் கோலத்தைப் பின்னிய புதுக்கூடையில் கலயத்தை வைத்துத் தலையில் சுமந்தாள். நாங்கு மரத்தாரின் அடியில் குழி தோண்டி அவளை நட்டார்கள். அவர் கீழே குனிந்து பார்த்தார்.

"முழுப் பச்சை. நல்லது. தேமலி எங்கே?"

"அவள் வரமாட்டாள் ஐயா. வீட்டில் அவளுக்கு வேலை இருக்கிறது" என்றாள் கொற்றி.

"இங்கே இடம் தருகிறேன் என்றேனே. சொல்லவில்லையா?"

"சொன்னார்கள். மகளை அனுப்பியிருக்கிறாள்."

நாங்கு மரத்தார் கூடையை நெடுநேரம் பார்த்தார். எந்த அழகைக் கொண்டு ஒரு சருகுகூட உதிர்க்க முடியாது என்று அவர் தீர்ப்பளித்தாரோ, அந்த அழகைப் பின்னிய கூடையில்தான் அவருக்கு ஒரு கொடியே வந்திருந்தது. மற்ற மரங்களும் கேட்கும்படி அவர் சொன்னார்: "அன்று நான் அளந்தது அவளுடைய இலையின் பாதியைத்தான். தீர்ப்பு பிழை. அவள் எந்நாள் வந்தாலும் என் தோள் அவளுக்கு உண்டு."

கருமந்தி அந்தச் செய்தியோடு சாளரத்துக்கு ஓடினாள். மூச்சு வாங்க முழுவதையும் ஒப்பித்துவிட்டு, "என்ன சொல்லட்டும்?" என்று கேட்டாள்.

"அந்த இடம் அப்படியே இருக்கட்டும்" என்றாள் தேமலி. "என் மகள் பெரிதாக வளர்வாள். அவளுக்கு அதுவும் வேண்டியிருக்கும்."

மறுநாளிலிருந்து ஊரார் ஒவ்வொருவராக வந்து, எங்கள் சாளரத்துக்கும் ஒரு கணு வேண்டும் என்று கேட்டார்கள். தேமலி கொடுத்தாள், பச்சையும் வெள்ளையும் கலந்த கணுவாகவே தேர்ந்து கொடுத்தாள். அவை அந்த மலையின் எல்லா வீடுகளிலும் ஏறின. பிறகு மலையிறங்கி ஊர் ஊராகச் சென்றன. காட்டில் மகளின் வழியினர் முழுப் பச்சையாக மரத்தின் உச்சிவரை ஏறினார்கள்.

வரியிலைக் கொடியை வீட்டுக்குள் வளர்ப்பவர்கள், அதன் அடியில் முழுப் பச்சைக் கிளை ஒன்று தலைகாட்டியதும் கணுவுக்குக் கீழே அதை அறுப்பதும், அறுத்ததைக் குப்பையில் எறியாமல் நீரில் நிறுத்தி வேர்விடச் செய்து தனி மண்ணில் ஊன்றுவதும், எயினி சிம்பைத் தணலில் காட்டிய அந்த மழைக்காலம் தொட்டு வருகிற வழக்கந்தான்.